கீசகவதம் படச்சுருள் இல்லை. வேலூரில் நடராஜ முதலியாருக்கு விழா எடுப்பது எப்படி?

பாலாற்றங்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் எங்கள் வாசகர் வட்டத்தின் சார்பில் ஒரு மாலை முழுவதையும் ஆர். நடராஜ முதலியாருக்கு ஒதுக்கியிருக்கிறோம். தென்னிந்தியாவில் முதன்முதலாகக் கதைப்படம் எடுத்தவர் 1885-இல் நம் ஊரில் பிறந்தவர் என்பது இங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. பள்ளித் திடல் கிடைத்துவிட்டது. 150 முதல் 200 பேர் வரலாம். மாலை 5:30-க்குத் தொடங்கி இரவு 10-க்குள் முடிக்க வேண்டும்.

அவருடைய 'கீசகவதம்' ஒரு அடி கூட மிஞ்சவில்லை. படமில்லாத படக்காரருக்கு எதைத் திரையிடுவது? உருவப்படத்துக்கு மாலை போட்டு, நாலு பேர் பேசி, டீ குடித்துக் கலைவதற்கு மனம் ஒப்பவில்லை.

கேட்க நினைப்பது இவைதான். நோட்டீஸில் எதைத் துணிந்து அச்சடிக்கலாம்? மௌனப்படம் எப்படி இயங்கியது என்பதைச் சனங்கள் கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? செய்யாறு, ஆரணி பக்கத்து ஜமா (கூத்துக் குழு) ஒன்றைக் கூப்பிட்டு, வீமன் கீசகனைக் கொல்லும் அதே பாரதக் கதையைக் கூத்தாக வைத்தால் இரண்டு மணி நேரத்தில் அடங்குமா? பிள்ளைகளும் நிறைய வருவார்கள்.

பழைய_நோட்டீஸ்

நோட்டீஸ் விஷயம் மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான விழாக்களில் தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"முதல் தமிழ்ப் படம்" என்று போடாதீர்கள். மௌனப்படத்துக்குப் பேச்சு மொழி கிடையாது. கீசகவதத்தின் இடையெழுத்துகள் (காட்சிகளுக்கு நடுவே திரையில் வரும் எழுத்துகள்) ஆங்கிலம், தமிழ், இந்தி என மூன்று மொழிகளில் இருந்தன. "தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம்" என்பதே சரி. தமிழில் பேசும் படத்தில் முதல் என்றால் அது 1931-இல் வந்த 'காளிதாஸ்'. இரண்டையும் குழப்பினால் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்பார்கள், அன்றைய பேச்சு முழுக்க அதிலேயே போய்விடும்.

ஆண்டும் அப்படித்தான். 1916 என்பவரும் உண்டு, 1917 என்பவரும் உண்டு, 1918 என்பவரும் உண்டு. "1916 – 1918 காலம்" என்று அச்சடியுங்கள். ஒற்றை ஆண்டைப் போட்டு "நூற்றெட்டாம் ஆண்டு விழா" என்று கணக்குப் பார்க்கவே வேண்டாம்.

தாராளமாகப் போடக்கூடியவை நிறையவே இருக்கின்றன. சைக்கிள் வியாபாரத்தில் இறங்கி, பிறகு அமெரிக்க மோட்டார் கார்களை இறக்குமதி செய்து விற்றவர். புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் கேமரா கற்றுக்கொண்டார். வில்லியம்சன் கேமரா ஒன்றை வாங்கி, சென்னை மில்லர்ஸ் சாலையில் இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். படத்தின் நீளம் 6,000 அடி, படப்பிடிப்பு ஏறத்தாழ 35 நாள். கீசகனாக ராஜு முதலியார், திரௌபதியாக ஜீவரத்தினம். நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நாடக மேடையில் பெண் வேடத்துக்குப் பேர்போன ரங்கவடிவேலு. படச்சுருளைக் கழுவ பெங்களூரில் தனி ஆய்வகம் வைத்தார். அங்கே குளிர்ச்சி, மருந்துத் தொட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்துவது சுலபம். பின்னாளில் ஸ்டூடியோ தீக்கிரையாகி, மகனையும் பறிகொடுத்து, 1923-இல் தொழிலையே விட்டுவிட்டார். 1971-இல் காலமானார்.

ஏழே ஆண்டுத் தொழில். அதற்குள் செலவு, கேமரா, கழுவல், விநியோகம் எல்லாவற்றையும் ஒரே ஆள் தோளில் சுமந்திருக்கிறார். மேடையில் பேசுகிறவர்கள் "தந்தை", "பிதாமகர்" என்று அடுக்குவதைவிட இந்த வேலைப்பாட்டைச் சொன்னால் மதிப்பு தானாக வரும்.

ரீல்பெட்டி

பாலாற்றங்கரை ஐயா, படம் இல்லாதது குறைதான். ஆனால் அவர் கை செய்த வேலையைத் திடலில் அப்படியே காட்டலாம். மூன்று மேசை போதும்.

முதல் மேசையில் கைப்பிடி. அப்போது மோட்டார் கிடையாது, கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். அக்காலக் கேமராக்களில் பொதுவாக ஒரு சுற்றுக்கு 8 பிரேம் ஓடும். வினாடிக்கு இரண்டு சுற்று, 16 பிரேம். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம், ஆகவே வினாடிக்கு ஓர் அடி. 6,000 அடி என்றால் 96,000 பிரேம், 12,000 சுற்று, 100 நிமிடம். இந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்குப் பின்னால் மாட்டுங்கள்.

காட்ட ஒரு பழைய கைத் தையல் மெஷின் போதும். ஊசியைக் கழற்றிவிட்டு, கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டுங்கள். வருகிறவர் 10 வினாடி சுற்றட்டும், பக்கத்தில் ஒருவர் துணி மேலே வருவதை எண்ணட்டும். 20 வந்தால் சரி. 15 வந்தால் வினாடிக்கு 12 பிரேம்தான் பதிவாகியிருக்கும். அதை 16-இல் ஓட்டினால் நடிகர் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் துள்ளுவார். 25 வந்தால் தண்ணீருக்குள் நடப்பது போல மந்தமாகத் தெரியும். பெரும்பாலானோர் முதல் ஐந்து வினாடி சரியாகச் சுற்றி, அடுத்த ஐந்தில் கை தளர்ந்துபோவார்கள். சண்டைக் காட்சியின் பரபரப்பில் சுற்றுகிறவரின் கையும் தன்னையறியாமல் வேகம் பிடிக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

மிருதங்கக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் இன்னும் அழகு. ஆதி தாளத்தை நிமிடத்துக்கு 120 எண்ணிக்கையில் வைத்து, ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுற்று. எட்டு எண்ணிக்கை ஒரு ஆவர்த்தனம், 4 வினாடி, 64 பிரேம். தாளம் காதில் விழுந்தால் பிள்ளைகள் கூட 20-ஐப் பிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது மேசையில் நிறம். அன்றைய சுருளுக்குச் சிவப்பு தெரியாது. நீலமும் பச்சையும்தான் பதியும். அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கழுவ முடிந்தது. வேடத்தில் அதன் விளைவு பெரிது: உதட்டுச் சாயம் கறுப்பு, குங்குமப் பொட்டு நெற்றியில் ஓட்டை போட்ட மாதிரி கறுப்பு, நீல வானம் வெள்ளை. இதைக் காட்ட, போனில் கறுப்பு-வெள்ளையாக மாற்றி, சிவப்பு அளவைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கும் வசதியுள்ள செயலி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் மேடை விளக்குக்குப் போடும் வெளிர்நீலப் பச்சை ஜெலட்டின் தாளை இரண்டாக மடித்துக் கேமராக் கண்ணில் ஒட்டி, படம் எடுத்த பின் நிறத்தை நீக்குங்கள். கடும் நீலத் தாளும் பச்சைத் தாளும் சேர்த்து ஒட்டினால் எல்லாமே இருண்டுபோகும், அது வேண்டாம். ஒரு தட்டில் குங்குமம், திருநீறு, மஞ்சள் கிழங்கு, வெற்றிலை, தக்காளி வையுங்கள். கண்ணால் ஒரு தரம், போனில் ஒரு தரம். திருநீறு பளீரென்று நிற்கும், குங்குமம் கரியாகும், மஞ்சள் எதிர்பார்த்ததைவிடக் கறுக்கும். கூத்தாடிகள் வேடத்தோடு வந்து நின்றால் இன்னும் சிறப்பு. கீசகனின் சிவப்பு முகம் கறுத்து, மேலே வைத்த வெள்ளைப் புள்ளிகள் முத்து மாதிரி துலங்கும்.

மூன்றாவது, ஒரு வெள்ளைத் துணிப் பந்தல். அவருடைய அரங்கத்துக்குக் கூரையே மெல்லிய வெள்ளைத் துணிதான். மின்விளக்கு கிடையாது, வெயிலை வடிகட்டித்தான் படம் பிடித்தார்கள். நான்கு கம்பு நட்டு மல் வேட்டி ஒன்றை மேற்குப் பக்கமும் மறையும்படி கட்டி, 5:30 வெயிலில் ஒருவரை உள்ளேயும் வெளியேயும் நிறுத்திப் படம் எடுங்கள். வெளியே மூக்கின் நிழல் கன்னத்தில் கோடாக விழும், உள்ளே அந்தக் கோடு கரைந்துவிடும். இரட்டைத் துணி கட்டினால் வெளிச்சம் இன்னும் குறையும்.

திரையிடுவதற்கு இந்தியப் படமுன்னோடி தாதாசாகேப் பால்கேயின் 'காளிய மர்தன்' (1919) எடுத்துக்கொள்ளுங்கள். நடராஜ முதலியாரின் சமகாலப் படம், மிஞ்சியிருப்பது. சின்னக் கிருஷ்ணனாக நடித்தவர் பால்கேயின் மகள் மந்தாகினி, பிள்ளைகள் சொக்கிப்போவார்கள். நம் சட்டப்படி படத்துக்கு உரிமைக் காலம் 60 ஆண்டு, ஆகவே படம் பொதுச் சொத்து. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பிரதியில் பிற்காலத்தில் சேர்த்த இசைக்குத் தனி உரிமை உண்டு. ஒலியை அணைத்துவிட்டு நேரடி இசை வையுங்கள். முழுப்படம் வேண்டாம், 12 நிமிடம் போதும்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குவது: பிரதி சில நேரம் 24 பிரேம் வேகத்தில் மாற்றப்பட்டிருக்கும். அப்படியே போட்டால் தெய்வம் கோமாளி போல ஓடும், சனங்கள் சிரிப்பார்கள். முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். நடை இயல்பாக இல்லையென்றால் வி.எல்.சி. செயலியில் வேகத்தை 0.67-க்குக் குறையுங்கள் (16-ஐ 24-ஆல் வகுத்தது). கணக்கைவிடக் கண்ணை நம்புங்கள்: தண்ணீர் தெறிப்பது, துணி அசைவது இயல்பாகத் தெரியும் வேகமே சரியான வேகம்.

இசைக்கு ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் போதும். வாசிப்பவருக்குத் திரையைப் பார்த்தபடி இருக்கை போடுங்கள், திரைக்கு முதுகு காட்டி உட்கார வைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் திண்டாடாதீர்கள். இடையெழுத்து வரும்போது ஒருவர் உரக்கத் தமிழில் வாசிக்கட்டும். அந்தக் காலக் கொட்டகையில் அப்படி ஓர் ஆள் திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

முகவீணை

கூத்துக் கேள்விக்கு வருகிறேன். அடங்கும், ஆனால் வாத்தியாரிடம் கேட்கும் விதத்தில் இருக்கிறது.

"இரண்டு மணி நேரத்தில் முடியுங்கள்" என்று மட்டும் சொன்னால், ஜமா எல்லாக் கட்டத்தையும் வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டிவிடும். பாட்டு ஓடும், அடவு போய்விடும். விடிய விடிய ஆடும் கூத்தை வேகப்படுத்திச் சுருக்கக் கூடாது, கட்டத்தை எடுத்துவிட்டுத்தான் சுருக்க வேண்டும். "எந்தக் கட்டத்தை விடலாம் வாத்தியாரே?" என்று கேளுங்கள். விராடன் தர்பாரையும் பாண்டவர் ஐவரும் மாறுவேடத்தில் வந்து சேர்வதையும் கட்டியங்காரன் (கூத்தை நடத்திச் செல்லும் கோமாளி) வாய்ப்பேச்சிலேயே பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம்.

எதை விடவே கூடாது என்றால், கீசகன் திரைப் பிரவேசம். இரண்டு பேர் திரையைப் பிடிக்க, உள்ளே சலங்கை மட்டும் கேட்க, திரை விருத்தம் எழும்ப, திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரிந்து மறைய, பிறகு வெளிப்பட்டு, நின்ற இடத்தில் வேகமாகச் சுழலும் கிறிக்கி சுற்றுவான். அதற்கு 20 நிமிடம் கொடுங்கள். வடக்கத்திப் பாணியின் உயிர் அங்கே இருக்கிறது. அடுத்து சைரந்திரியோடு (மாறுவேடத்தில் இருக்கும் திரௌபதி) தர்க்கம் அரை மணி, அவள் வீமனிடம் வந்து புலம்புவது 20 நிமிடம், நடன மண்டபத்து இருட்டில் வதம் 20 நிமிடம். துதியும் மங்களமும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மணி.

வேடம் கட்ட மூன்று மணி நேரம் வேண்டும். 7:45-க்குக் கூத்து என்றால் 4:30-க்கே ஜமா வந்து சேர வேண்டும், சாப்பாடு அதற்கு முன்னால். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. கட்டை லேசுதான், ஆனால் இறுக்கிக் கட்டிய பிறகு உட்காரவும் முடியாது, தண்ணீர் குடிக்கவும் சிரமம். "தலைவர் பேசி முடிக்கட்டும், ஒரு பத்து நிமிஷம்" என்று கட்டிய வேடத்தை நிற்க வைப்பது பெரிய கொடுமை. பேச்செல்லாம் கூத்துக்கு முன் முடிந்திருக்க வேண்டும். பொன்னாடை போர்த்துவதானால் வேடம் கட்டுவதற்கு முன்பே போர்த்துங்கள். பொன்னாடையோடு பணத்தையும் அப்போதே முழுமையாகக் கையில் கொடுத்துவிட்டால் அதைவிட மரியாதை இல்லை.

ஒப்பனைக் கூடத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள், சனங்கள் தூரத்திலிருந்து பார்க்கட்டும். ஆனால் பிள்ளைகள் முகத்தில் பூச வேடப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். அசல் அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம். முத்துவெள்ளை, செந்தூரத்தையும் சின்னப் பிள்ளைக்குப் பூச வேண்டாம். பிள்ளைகளுக்கு அரிசி மாவு போதும்.

களம் மண் தரையாக இருக்கட்டும். மாலையில் லேசாகத் தண்ணீர் தெளித்து, புழுதி அடங்கியதும் விட்டுவிடுங்கள், சேறாகக் கூடாது. சிமெண்டுத் தரையில் குதித்தால் முழங்கால் போகும். ஜமுக்காளம் விரித்தால் கிறிக்கியில் கால் சிக்கி விழுவார்கள், விரிக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 20 அடிக்கு 20 அடி, மூன்று பக்கமும் சனம், பின்னால் ஒரு பெஞ்சு. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை (சின்ன நாயனம்), தாளம், பின்பாட்டு எல்லாம் பெஞ்சைச் சுற்றி.

பாலாற்றங்கரை

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. திரையும் களமும் ஒரே திடலில் எப்படி அமைப்பது? விளக்கு, மைக் பற்றியும் சொல்லுங்கள். மாதம் இன்னும் முடிவாகவில்லை, சித்திரை விடுமுறையில் வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.

முகவீணை

சித்திரை வேண்டாம். பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும் காலம். நல்ல ஜமா ஒன்றும் கையில் கிடைக்காது. அதோடு சித்திரையில் வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல, பொழுது சாயவே 6:30 ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழை. தை கடைசி அல்லது மாசி சரியான நேரம்: மழை ஓய்ந்திருக்கும், ஜமா சும்மா இருக்கும், 6:45-க்கே திரை தெளிவாகத் தெரியும் அளவுக்கு இருட்டும். ஒரு மாதம் முன்பே வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்து வாத்தியாரிடம் கொடுத்துவிடுங்கள். வேன் வாடகை, சாப்பாடு, தொகை மூன்றையும் தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

விளக்கு: வெள்ளை எல்.இ.டி. வேண்டாம், மஞ்சள் முகம் பச்சையடிக்கும். மஞ்சள் ஒளி தரும் விளக்கு நான்கு, களத்தின் இரு பக்கமும் பத்தடி உயரத்தில், முன்பக்கமாகச் சாய்த்து. நேர் தலைக்கு மேல் போட்டால் கிரீடத்தின் நிழல் கண்ணை மறைத்துவிடும்.

மைக்: வேடக்காரருக்குக் காதில் மாட்டும் மைக் பொருந்தாது, கட்டையில் உரசி ஓயாமல் கரகரக்கும். களத்தின் முன்விளிம்பில் இரண்டு தொங்கும் மைக், பின்பாட்டுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று. முகவீணைக்குத் தனி மைக் தேவையே இல்லை. அதன் குரல் தானே திடல் முழுக்கப் போகும். ஸ்பீக்கர் பெட்டிகள் மைக்குகளுக்கு முன்னால், சனத்தைப் பார்த்து நிற்கட்டும். பின்னால் வைத்தால் ஊளையிடும். காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி வாங்குங்கள். இரவு 10-க்கு மேல் ஒலிபெருக்கிக்கு இடமில்லை, ஆகவே 9:45-க்கு மங்களம் பாடிவிட வேண்டும்.

ரீல்பெட்டி

திரையைக் களத்தின் பின்பெஞ்சுக்கு மேலேயே கட்டுங்கள், சனம் இடம் மாற வேண்டியதில்லை. மௌனப்படத்தின் அகல உயர விகிதம் நாலுக்கு மூன்று; 12 அடி அகலம், 9 அடி உயரம். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஆறடியாவது மேலே இருக்கட்டும். துணியின் நான்கு ஓரத்திலும் இரண்டடிக்கு ஒரு கட்டு போடுங்கள், மூலைகளில் மட்டும் கட்டினால் காற்றில் பாய் போல உப்பும். படம் முடிந்ததும் துணியைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டால் களம் தயார். இடைவெளி பத்து நிமிடத்துக்கு மேல் போகாது.

சுண்ணாம்புக்கோடு

பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. சுழல் உருளை (சுற்றும்போது பிளவு வழியே பார்த்தால் உள்ளே இருக்கும் படங்கள் அசைவது போலத் தெரியும் உருளை) செய்யுங்கள், கூத்தையும் சினிமாவையும் ஒரே பொருளில் காட்டிவிடலாம்.

30 செ.மீ. விட்டமுள்ள அட்டை உருளை, உயரம் 20 செ.மீ. மேல் பாதியில் சம தூரத்தில் 12 பிளவு, ஒவ்வொன்றும் 4 மி.மீ. அகலம். வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்பு மை. சுற்றளவு ஏறத்தாழ 94 செ.மீ.; உள்ளே ஓடும் தாள் பட்டையை 12 கட்டமாகப் பிரித்தால் கட்டத்துக்கு 7.8 செ.மீ. வரும். அடியில் ஒரு பேரிங் வைத்து ஆணியில் நிறுத்துங்கள். வினாடிக்கு ஒரு சுற்று சுற்றினால் 12 படம்.

படம் எதுவென்றால், கிறிக்கிதான். தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, கடிகாரம் போல 12 கோடு இழுங்கள். வேடக்காரர் நடுவில் நின்று ஒவ்வொரு கோட்டுக்கும் 30 பாகை திரும்பட்டும். போனை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி 12 படம் எடுங்கள். கை, பாவாடை உடலோடு ஒரே நிலையில் இருக்க வேண்டும், ஆள் மட்டும் சுற்றி வருவார். பன்னிரண்டாவது படத்துக்குப் பிறகு முதல் படம் தானாகப் பொருந்தும், ஆகவே சுழற்சி முடிவே இல்லாமல் ஓடும். வேடம் கட்டி முடித்த உடனே எடுக்க நேரம் இருக்காது. ஒரு வாரம் முன்பு ஜமா ஊருக்கே போய் எடுத்து அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிளவு 4 மி.மீ.-க்கு மேல் போனால் உருவம் மங்கும், 2 மி.மீ.-க்குக் குறைந்தால் இருண்டுவிடும். வெளிப்பக்கம் வெள்ளையாக விட்டால் கண் கூசி ஒன்றும் தெரியாது. மேலிருந்து எட்டிப் பார்க்க விடாதீர்கள், பிளவு வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு விளக்கு, உருளைக்கு நேர் மேலே.

ரீல்பெட்டி

இன்னொன்று. இப்படி ஒரு விழா அறிவித்தால் யாராவது ஒருவர் பரணிலிருந்து பழைய ரீல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவார். 35 மி.மீ. சுருளாக இருந்து, 1950-க்கு முந்தியது என்று தோன்றினால் மேசையில் வைக்காதீர்கள், புரொஜெக்டரிலும் ஏற்றாதீர்கள். அது நைட்ரேட் சுருளாக இருக்கலாம். தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தரும். மணலோ தண்ணீரோ அணைக்காது. பிசுபிசுப்பு, காரமான நெடி, டப்பாவுக்குள் பழுப்புத் தூள் இருந்தால் ஏற்கெனவே சிதையத் தொடங்கிவிட்டது. வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், வீட்டுக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். காற்றுப் புகாத பெட்டியில் அடைக்கக் கூடாது. டப்பா மேலே எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு, புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். கொண்டுவந்தவரின் பெயர், ஊர், டப்பா எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை ஒரு நோட்டில் குறித்து வைக்க ஓர் ஆளை வாசலிலேயே உட்கார வையுங்கள்.